கூடலூர், பந்தலூருக்கு எந்த மாதிரி ஆஸ்பத்திரி வேண்டும்? மனு எழுதுவதற்கு முன் பேசிவிடலாம்

பந்தலூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து, மருத்துவ வசதி கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு கொடுக்க இருக்கிறோம். எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கூடிப் பேசியபோது இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். எல்லாச் சிகிச்சையும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியாகக் கேட்டுவிடலாம் என்பது ஒரு பக்கம். பெரிய கட்டடம் வந்து என்ன செய்ய, இருக்கிற இடத்தில் ராத்திரி டாக்டர் இருந்தால் போதும் என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடலூர், பந்தலூர் வட்டங்கள் நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். 1877 வரை வயநாட்டோடு சேர்ந்து மலபார் மாவட்டத்தில் இருந்த பகுதி. இன்றைக்கும் பாட்டவயல் தாண்டினால் கேரளத்துச் சுல்தான் பத்தேரி, நாடுகாணியில் இறங்கினால் நிலம்பூர், முதுமலை தாண்டினால் கர்நாடகம். நம் மாவட்டத் தலைநகரான ஊட்டிக்குக் கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டர் மலையேற வேண்டும். கோவை 130 கிலோமீட்டருக்கு மேல். சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லிக்காரர்கள் கூடலூருக்கு வருவதே ஒரு பயணம். ஜூன் மாதம் மழை பிடித்தால் மரம் விழுந்து, மண் சரிந்து எந்தச் சாலை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. இருட்டிய பிறகு யானை.

இந்த இடத்துக்கு எப்படிப்பட்ட ஆஸ்பத்திரி பொருந்தும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவைப்பாதை:

பெரிதாகவே கேளுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

என் மாமாவுக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி. முதலில் போன இடத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இங்கே வசதி இல்லை, மேலே கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த இடத்திலும் அதே பேச்சு, அதே சீட்டு. கோவை போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது என்றார் டாக்டர். மூட்டை தூக்கி ஏணி ஏறிக்கொண்டிருந்த மனிதர் இப்போது வீட்டு வாசல்படி ஏறவே மூச்சு வாங்குகிறார்.

ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 700 படுக்கையோடு புது மருத்துவமனையும் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. ஊட்டிக்கு வந்தது கூடலூருக்கு ஏன் வரக்கூடாது? ஏழைகள்தானே, சின்னது போதும் என்று நாமே நினைத்தால் நமக்காக யார் பெரிதாக நினைப்பார்கள்?

மலைநர்ஸ்:

தம்பி, உங்கள் மாமாவுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். நான் இந்த மலையில் ரொம்பக் காலம் நர்ஸாக வேலை பார்த்தவள். பெரியது வேண்டுமா சின்னது வேண்டுமா என்று கேட்பதற்கு முன், நம் ஊரிலேயே நடந்த ஒரு கதையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். அது எந்த வரிசையில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1980களின் நடுவில் ஸ்டான் தெக்கேகராவும் மாரி தெக்கேகராவும் ஆதிவாசி மக்களுக்காக அக்கார்டு என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியபோது ஆஸ்பத்திரி பற்றிய பேச்சே இல்லை. நிலம்தான் பேச்சு. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாகி, 1988 டிசம்பர் 5 அன்று கூடலூர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். அதற்கு முந்தைய வருடமே டாக்டர் தேவதாசனும் டாக்டர் ரூபாவும் வந்து மருத்துவ வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், தடுப்பூசி, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, இதுதான் முதல் வேலை.

பிறகுதான் ஆஸ்பத்திரி. 1990ல் அஷ்வினி என்ற அமைப்பு உருவானது. டாக்டர் ஷைலா தேவியும் அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஆதிவாசிப் பெண்களை உட்காரவைத்து, அவர்களுக்குப் புரிகிற மாதிரி நர்ஸ் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். வார்டில் பணியர் என்ற ஆதிவாசி இனத்துப் பாட்டி ஒருத்தி முனகினால், அவள் பேச்சிலேயே "எங்கே வலிக்குது" என்று கேட்க ஆள் இருந்தது. அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வருவோம் என்று பயந்த ஜனம், தானாக நடந்து வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அந்தப் பணியாளர் பெண்கள் வேலை செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நோட்டை எடுக்க மாட்டார்கள். அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பார்கள். உத்தரத்தில் தராசைக் கொக்கி மாட்டி, குழந்தையைத் துணித்தொட்டிலில் வைத்து நிறுப்பார்கள். போன மாதத்தை விட எடை ஏறவில்லை என்றால் அன்றைக்கே பேச்சு வேறு மாதிரி போகும். கர்ப்பிணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் மாத்திரை டப்பாவை வாங்கி எண்ணுவார்கள். மாத்திரை குறையாமல் இருந்தால் திட்டுவதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். வயிறு எரிகிறதா, மாமியார் வேண்டாம் என்றாளா என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மாதிரி சொல்லுவார்கள். பிரசவ தேதிக்கு முன்பே ஜீப் எங்கே நிற்கும், யார் கூட வருவார்கள் என்று பேசி முடித்துவிடுவார்கள்.

பாதி ஆஸ்பத்திரி அந்த வீட்டு வாசலில்தான் இருக்கிறது. கூடலூரில் இருக்கிற கட்டடம் மீதிப் பாதி.

கோவைப்பாதை:

அக்கா, படித்தேன். மதிப்பு கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தராசும் நோட்டும் வைத்துக்கொண்டு நெஞ்சடைப்புக்கு வைத்தியம் பார்க்க முடியாதே.

கொழுந்துக்கூடை:

நானும் ஒன்று கேட்க வேண்டும். மலைநர்ஸ் அக்கா எழுதியது அத்தனையும் உண்மை, அந்த ஆஸ்பத்திரி மேல் எங்களுக்கும் மரியாதை உண்டு. ஆனால் அது ஆதிவாசி மக்களுக்காக, அவர்களே சேர்ந்து உருவாக்கியது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கிற எங்கள் ஜனம் எங்கே போவது?

எங்கள் தாத்தா காலம், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம். கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968ல் தேயிலைத் திட்டத்தையே தொடங்கியது, அதுதான் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. காட்டை வெட்டித் தேயிலை நட்டது எங்கள் ஆட்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்கு மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. தோட்ட ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்த காலத்தில் கம்பவுண்டர் ஐயாவாவது இருப்பார், பிரசவத்துக்கு மருத்துவச்சி இருப்பார். தோட்டங்கள் நொடித்துப் போக, முதலில் பூட்டியது அதைத்தான். இப்போது பல இடத்தில் சுவர் மட்டும் இருக்கிறது.

எங்கள் பெண்களுக்கு ரத்தசோகை, கர்ப்பப்பை இறக்கம், முதுகு வலி, மழையில் நின்று நின்று கால் இடுக்கில் புண். ஆஸ்பத்திரி போகவேண்டும் என்றால் அன்றைய பேர், அதாவது வருகைப் பதிவு, போய்விடும். பேர் போனால் கூலி போச்சு. அதனால் நோயை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓபி (வெளிநோயாளர் பிரிவு) இருக்காது. எங்கள் அம்மா மார்பில் கட்டியை அப்படித்தான் தள்ளிக்கொண்டே போனார். கண்டுபிடித்தபோது மருந்துக்குக் கட்டுப்படும் நிலையைத் தாண்டியிருந்தது.

வீடு தேடி வந்து கண் இமையை இழுத்துப் பார்க்கிற அந்த ஆள் எங்கள் லைனுக்கும் வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. அது பெரிய ஆஸ்பத்திரியா சின்னதா என்று எனக்குத் தெரியாது.

மலைநர்ஸ்:

தங்கச்சி, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. நீங்கள் கேட்பதுதான் சரியான கேள்வி. ஆதிவாசி மருத்துவமனையில் மற்றவர்களுக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். ஆனால் ஊருக்குள் போகிற அந்த வேலை முழுக்க ஆதிவாசிக் கிராமங்களைச் சுற்றி அமைந்தது, ஏறக்குறைய 20,000 பேரைக் கணக்கில் வைத்து. உங்கள் லைனுக்கு அதைச் செய்ய வேண்டியது அரசின் துணை சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கு வருகிறது இல்லையா, அந்த வழியிலேயே மற்றதையும் கேட்க முடியும். உங்கள் லைனிலேயே பத்தாவது படித்த ஒரு பெண்ணை எடுத்துப் பழக்கினால் போதும். வெளியூரிலிருந்து வருகிற பெண் இரண்டு மழைக்காலம் கூட இருக்க மாட்டாள்.

எருமாடு:

நான் எல்லையில் இருக்கிறவன். வீட்டில் பாதி மலையாளம், பாதி தமிழ். நோய் வந்தால் எங்கள் ஆட்கள் கூடலூர்ப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். நேரே பத்தேரி, இல்லாவிட்டால் மேப்பாடி, பெரிய காரியம் என்றால் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ். சுரம் இறங்கினால் கோழிக்கோடு. அங்கே நல்ல வைத்தியம் கிடைக்கிறது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மாநிலம் மாறினால் சில சங்கடம் வரும். காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பிரசவம் அங்கே நடந்தால் இங்கே தாய் சேய் பதிவு, தடுப்பூசிக் கணக்கு, உதவித்தொகை எல்லாம் திரும்ப அலைச்சல். 2020ல் எல்லையை மூடியபோது டயாலிசிஸ் செய்கிறவர்கள் இ-பாஸ் வாங்க ஓடியதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இன்னொன்று. நிபா வரும்போதெல்லாம் பாட்டவயலிலும் நாடுகாணியிலும் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் 2018ல் கேரளத்தில் முதன்முதலாகப் பேராம்பிராவில் வந்தபோது நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தது சோதனைச் சாவடி இல்லை. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஆட்கள் மூளைக்காய்ச்சலில் விழுவதைக் கவனித்த டாக்டர்கள்தான். அந்தக் குடும்பத்துக்குச் சிகிச்சை கொடுத்த பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி உயிரையே கொடுத்தார். எல்லையில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிதான் இந்த மாதிரி நோய் முதலில் வந்து நிற்கிற இடம். அங்கே கவனிக்கிற கண் இல்லை என்றால் கோவையில் எவ்வளவு பெரிய ஆய்வகம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

2024 ஜூலை 30 யாரும் மறக்க மாட்டோம். வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலை மண்ணில் புதைந்தபோது நம் வட்டத்து ஆட்களும் போனார்கள். அன்று காலையில் காயம்பட்டவர்களும் உடல்களும் முதலில் வந்தது மேப்பாடி சமூக சுகாதார மையத்துக்கு. சாலியாற்றில் அடித்துக்கொண்டு போனவை வந்து சேர்ந்தது நிலம்பூர் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு. இரண்டும் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. அங்கே இருந்தவர்கள் உறவுக்காரர்களையும் பெயர்களையும் அறிந்த உள்ளூர் ஆட்கள், அதனால்தான் அவ்வளவையும் தாங்க முடிந்தது. நம் மலையும் அதே மலைதான். நாளைக்கு ஓவேலியிலோ சேரங்கோட்டிலோ அப்படி நடந்தால் முதல் ஒரு மணி நேரம் யார் கையில்? மனுவில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பந்தலூர்வாசி:

எழுதுகிறேன் சேட்டா. இதுவரை யாரும் யோசிக்காத விஷயம்.

மலைநர்ஸ்:

//தராசும் நோட்டும் வைத்துக்கொண்டு நெஞ்சடைப்புக்கு வைத்தியம் பார்க்க முடியாதே//

தம்பி, இப்போது உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சடைப்புக்கு ஆஞ்சியோ வசதி இருக்கிற இடம்தான் சிறந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. அதைப் போட ஆஞ்சியோ செய்கிற கேத் லேப் தேவையில்லை. ஈசிஜி எடுத்து, அதைப் படிக்கத் தெரிந்த டாக்டர் அல்லது அதைக் கைப்பேசியில் அனுப்பி உடனே பதில் வாங்க ஒரு ஏற்பாடு, ஒரு மானிட்டர், கவனிக்க நர்ஸ், இவ்வளவு இருந்தால் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே போடலாம். போட்டுவிட்டு, 3 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்யலாம். இதைத் தமிழ்நாட்டில்தான் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சின்ன ஆஸ்பத்திரிகளைக் கோத்து ஒரே வலையாக இணைத்த அந்த ஆய்வு 2017ல் உலக அளவில் வெளியானது. முறைப்படி இணைத்த பிறகு ஒரு வருடக் கணக்கில் இறப்பு குறைந்தது. 2023ல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், துணை நிலையம் வரைக்கும் முதல் வேளை மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். நெஞ்சுவலி என்று வந்தால் அங்கேயே ஆஸ்பிரினும் கூடவே கொடுக்கிற மருந்தும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

உங்கள் மாமாவை இரண்டு இடத்தில் சீட்டு எழுதி அனுப்பினார்கள் என்றீர்கள். முதல் இடத்திலேயே அந்த ஊசி போட்டிருந்தால் இன்றைக்கு மூச்சு வாங்காமல் வாசல்படி ஏறியிருக்கலாம். அங்கே கேத் லேப் இல்லாதது குறை இல்லை. ஊசியும், அதைப் போடுகிற துணிச்சலும், கேட்க ஒரு ஃபோன் நம்பரும் இல்லாததுதான் குறை.

பாம்புக்கடியும் அப்படித்தான். இங்கே கொழுந்து பறிக்கிற இடத்தில் வருடம் முழுக்க வரும். அதற்கான முக்கியமான சோதனைக்கு எந்த மெஷினும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று. அப்போது எடுத்த ரத்தம் 2 மில்லி அதில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக உறைந்து நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடி வந்தால் விரியன் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது, உடனே விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் தப்பாகக் காட்டும், கண்ணாடியைச் சோப்பு போட்டுக் கழுவியிருந்தாலும் தப்பாகக் காட்டும். இதைத் தெரிந்த நர்ஸ் ராத்திரி இரண்டு மணிக்கு இருந்தால் ஒரு உயிர். இல்லாவிட்டால் ஊட்டி ஏறுகிற வழியில் கல்லட்டியிலோ நடுவட்டத்திலோ போய்விடும்.

இன்னொரு விஷயமும் தோட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ளுங்கள். நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான். தேயிலைச் செடியில் சுருண்டு கிடக்கிற, மூக்கு மேலே தூக்கிய சின்னக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அது கடித்தால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாம்பு என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த உள்ளூர் ஆள் அந்த நேரத்தில் டாக்டருக்குப் பெரிய உதவி. பாம்பைப் பிடித்து வர வேண்டாம், தூரத்திலிருந்து படம் எடுத்தால் போதும்.

கோவைப்பாதை:

அக்கா, ஊசி விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் எங்களிடம் சொல்லவும் இல்லை. சரி, மனுவில் அதைத் தனியாக எழுதுங்கள். பெரிய ஆஸ்பத்திரியைக் கைவிட வேண்டாம் என்பதில் நான் உறுதிதான். ஆனால் எது முதலில் என்றால், முதலில் இந்த ஊசியும் அந்த வலையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சேரம்பாடி வாத்தியார்:

நான் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம். என் வகுப்பில் ஒரு பையன் மழைக்காலம் வந்தால் மாதத்தில் பாதி நாள் வரமாட்டான். கை கால் எலும்பு வலி, மஞ்சள் கண். சோம்பேறி என்று நினைத்த ஆசிரியர்களும் உண்டு. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிற பரம்பரை நோய், அரிவாள் செல் நோய் என்று ஆதிவாசி மருத்துவமனையில்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தேன். இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அந்த மக்களுக்கு அதற்கான வைத்தியம் ஊருக்குள் வர அப்புறம் எத்தனையோ வருடம் ஆனது.

அக்கா, அந்தப் பையனின் தங்கைக்கும் பார்க்க வேண்டுமா?

மலைநர்ஸ்:

கட்டாயம் பார்க்க வேண்டும் சார். அம்மா அப்பா இருவரிடமும் அந்த மரபணுக் கூறு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் வராது, கூறு மட்டும் உடம்பில் இருக்கும். மலேரியா நிறைந்த காட்டில் அந்தக் கூறு இருந்தவர்கள் பிழைத்தார்கள், அதனால்தான் வயநாட்டுப் பக்கத்தில் இது அதிகம். ஆதிவாசிகளுக்கு மட்டும் வருகிற நோய் என்றும் நினைக்க வேண்டாம். வயநாடன் செட்டி சமூகத்திலும் நிறைய உண்டு.

ரத்தத்தில் முதல் சோதனை சுலபம், உறுதிப்படுத்த இன்னொரு சோதனை. நோய் இருந்தால் ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்சியூரியா மாத்திரை. குளிரில் நனையக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. பையனுக்கு வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும், கேட்கிறபோது வெளியே போகவும் விடுங்கள். விளையாட்டு நேரத்தில் மூச்சு முட்ட ஓடச் சொல்லாதீர்கள். வலி வந்தால் நடிக்கிறான் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அந்த வலியை நான் பார்த்திருக்கிறேன், பெரிய ஆம்பிளையே அழுவார்.

2047க்குள் இந்த நோயை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு 2023 ஜூலையில் ஓர் இயக்கம் தொடங்கியிருக்கிறது. சோதனை முடிவு எழுதிய அட்டை கொடுப்பதோடு நின்றுவிடாமல் மாத்திரை மாதாமாதம் வருகிறதா என்று பார்க்க யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

தேவாலா மழை:

ஒரு மாற்றுக் கருத்து. ஆதிவாசி மருத்துவமனையைப் பாராட்டுகிற இடத்தில் இதையும் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனத்தைப் பார்த்து அரசு தன் பொறுப்பைக் கை கழுவிவிடக் கூடாது. அர்ப்பணிப்போடு சில டாக்டர்கள் வந்தார்கள், அதனால் நடந்தது. அவர்களுக்கு வயதாகும். நன்கொடை வரும், நிற்கும். அரசு மருத்துவமனை அப்படி இல்லை, அது நம் வரிப்பணம், நம் உரிமை. கூடலூர் அரசு ஆஸ்பத்திரியை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக உயர்த்தியது மக்கள் விடாமல் கேட்டதால்தான். அதனால் மனுவில் தொண்டு நிறுவனத்தை மாதிரியாகக் காட்டினால், அவர்களிடமே போங்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

மலைநர்ஸ்:

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்களின் அர்ப்பணிப்பில் மட்டும் நிற்கவில்லை. 1992லேயே சங்கத்து உறுப்பினர்கள் ஆளுக்கொரு சின்னத் தொகை போட்டு மருத்துவக் காப்பீடு செய்தார்கள். கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009ல்தான் வந்தது, அதற்கு 17 வருடம் முன்னால். காசு கட்டியவன் இது என் ஆஸ்பத்திரி என்று உரிமையோடு வந்தான். காப்பீடு உள்ளவர்கள் இல்லாதவர்களை விட இரண்டு மடங்குக்கும் மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்தார்கள் என்று பின்னால் நடந்த ஆய்வு காட்டியது. நோய் அவர்களுக்குக் கூடிவிடவில்லை. முன்பு வீட்டிலேயே கிடந்து செத்தவர்கள் வர ஆரம்பித்தார்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அரசிடம் கேட்க வேண்டியது அந்த உரிமையைத்தான். பணமும் மருந்தும் டாக்டரும் அரசு கொடுக்கட்டும். எந்த நாளில் ஓபி, எந்த ஊருக்கு எப்போது முகாம், ராத்திரி யார் இருக்கிறார்கள் என்பதில் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வாய் இருக்கட்டும். நோயாளர் நலச் சங்கம் என்று ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இருக்கிறது. அதில் லைன் பெண்களும் பணியர் பெண்களும் உட்கார வேண்டும்.

தேவாலா மழை:

இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பந்தலூர்வாசி:

எல்லாவற்றையும் படித்துவிட்டு மனுவை எழுதிப் பார்த்தேன். இப்படி வந்திருக்கிறது:

"கூடலூர், பந்தலூர் வட்டங்களில் எந்த ஊரிலிருந்தும் மழைக்காலத்திலும் ஒரு மணி நேரத்துக்குள் சேரக்கூடிய இடத்தில், 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருக்க வேண்டும். அங்கே நெஞ்சடைப்புக்கான ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி, பாம்புக்கடி மருந்து, பிரசவ ரத்தப்போக்கைச் சமாளிக்க ரத்த சேமிப்பு வசதி இருக்க வேண்டும். ஈசிஜியை ஊட்டி, கோவை மருத்துவமனைகளுக்கு அனுப்பி உடனே ஆலோசனை பெறும் இணைப்பு வேண்டும். துணை சுகாதார நிலையங்களில் காலிப் பணியிடங்களை நிரப்பி, எஸ்டேட் லைன்களுக்கும் ஆதிவாசிக் கிராமங்களுக்கும் அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்துப் பணியமர்த்த வேண்டும். எல்லாப் பள்ளிகளிலும் அரிவாள் செல் சோதனை நடத்தி, மருந்து தடையின்றித் தர வேண்டும். நிலச்சரிவு போன்ற பேரிடருக்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் தயார்த் திட்டம் வேண்டும். எல்லை தாண்டிச் சிகிச்சை பெறும் கர்ப்பிணிகளின் பதிவை இரு மாநிலங்களும் ஏற்க வேண்டும்."

பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி: இவை நடைமுறைக்கு வந்த பிறகு இதய சிகிச்சைப் பிரிவு ஒன்றைக் கூடலூரில் அமைக்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் சேர்த்திருக்கிறேன். கோவைப்பாதை அண்ணா, சரிதானே?

கோவைப்பாதை:

சரி. மாமாவும் கையெழுத்துப் போடுவார்.

கொழுந்துக்கூடை:

ஒன்று விட்டுப்போனது. ஓபி நேரம். கொழுந்து நிறுத்துப் போட்டு நாங்கள் வெளியே வருவதே சாயங்காலம். வாரத்தில் ஒரு நாளாவது மாலையில், அல்லது ஞாயிறு காலையில், பெண் டாக்டர் இருக்கிற ஓபி வேண்டும். மார்பு, கர்ப்பப்பைப் புற்றுநோய்ச் சோதனை அன்றைக்கே நடக்க வேண்டும். இதை மேலே, ராத்திரி டாக்டருக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள், கீழே தள்ளிவிடாதீர்கள்.

பந்தலூர்வாசி:

எழுதிவிட்டேன், இரண்டாவது வரியாகவே. மலையாளத்திலும் ஒரு பிரதி எடுக்க எருமாடு சேட்டா ஒத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை லைன் லைனாகக் கையெழுத்து வாங்கப் போகிறோம். கொளப்பள்ளி, அய்யன்கொல்லிப் பக்கம் கூட வர முடிகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள், ஜீப்புக்கு ஏற்பாடு செய்கிறேன்.